ஒரு காரின் பெயின்டுக்குள் இருக்கும் நம் ஊர் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களும், அதை விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

பழைய கார் ஒன்றின் வரலாற்றை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அதன் பதிவுப் புத்தகம். யார் வாங்கினார், யாருக்கு விற்றார், என்ன நிறம், எந்த இலக்க எஞ்சின் என்பதெல்லாம் அதில் இருக்கும். மற்றது அதன் பெயின்ட். கதவின் ஓரிடத்தை வோட்டர் பேப்பரால் நனைத்து நனைத்துத் தேய்த்தால், வெட்டிய மரத்தில் தெரிவது போல வளையம் வளையமாக நிறங்கள் வெளிவரும். நடுவில் தெரிவது மிகப் பழையது, வெளியே போகப் போகப் புதியது.

கடந்த விடுமுறையில் எங்கள் மூத்தப்பா வாங்கிய மொரிஸ் மைனருக்கு வீட்டு முற்றத்தில் வைத்தே பெயின்ட் அடித்தோம். மச்சான்மார், மருமக்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், நம் பாடசாலையில் படித்து இப்போது கராஜில் வேலை செய்யும் இரண்டு தம்பிமார் என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. முன் கதவில் ஆறு வளையங்கள் தெரிந்தன. "ஏன் இத்தனை நிறம்? யார் மாத்தின?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். விடை தேடப்போன இடத்தில் எங்கள் வீட்டுக் கதையோடு ஊரின் கதையும், நாட்டின் கதையும் சேர்ந்து வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அடியிலிருந்து தொடங்குவோம்.

மிக அடியில் இருந்தது சாம்பல் நிறம். அது இங்கிலாந்தில் தொழிற்சாலையில் பூசிய பெயின்ட். மொரிஸ் மைனர் 1948 இல் அறிமுகமான கார். அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. 1906 இல், அன்றைய உஸ்மானியப் பேரரசின் ஸ்மிர்னா நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். பிற்காலத்தில் மினி காரை வடிவமைத்தவரும் இவரே.

மைனரின் பொனட்டுக்கு நடுவில் ஒரு பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு. உற்பத்திக்குத் தயாராகும் நேரத்தில், கார் ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது அளவு சரியாகப் பட்டது. அந்த நான்கு அங்குலத்தை நிரப்பிய தடம்தான் அந்தப் பட்டி. கார்களை அறுத்து ஒட்டும் நம் டிங்கர் பாஸ்மார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "அப்ப அவரும் நம்மட ஆள்தானே" என்றார் ஒருவர்.

பிரித்தானியாவில் 10 இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் மாதிரி மொரிஸ் மைனர்தான். 1960 இன் இறுதியில் அந்த எண்ணிக்கை வந்தபோது, அதைக் கொண்டாட ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் சுமார் 350 கார்களைச் செய்தார்கள். ஒரு நிறத்தைக் கொண்டே ஒரு காரை அடையாளம் காண்பது அங்கேயும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பெயின்டின் கதையையும் சொல்லவேண்டும். ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்குப் போலத்தான் தூரிகையால் வார்னிஷ் கலந்த பெயின்டைப் பூசினார்கள். ஒவ்வொரு பூச்சும் காயும் வரை காத்திருக்கவேண்டும். ஒரு கார் முடிய வாரக்கணக்கு எடுக்கும். 1914 முதல் 1925 வரை போர்ட் நிறுவனத்தின் மொடல் டீ கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது.

1920களின் நடுப்பகுதியில் இந்த நிலை மாறியது. அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனம் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளிலிருந்து விரைவில் காயும் பெயின்ட் ஒன்றைச் செய்தது. அதன் பெயர் டியூகோ. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் அதைத் தன் கார்களுக்குப் பூசியது. வாரக்கணக்கு நாட்கணக்கானது. நிறங்களும் பெருகின. நம் ஊரில் "என்.சீ. பெயின்ட்" என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். என் என்பது நைட்ரோ, சீ என்பது செல்லுலோஸ்.

பெயின்ட் விசிறும் துப்பாக்கியின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டெவில்பிஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். தொண்டை வருத்தம் உள்ள நோயாளிகளுக்கு மருந்தைப் பூந்தூறலாக விசிற 1880களில் ஒரு சிறு கருவி செய்தார். அவருடைய மகன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே முறையைப் பெயின்டுக்குப் பயன்படுத்தினார். தொண்டையைக் குணமாக்க வந்த கருவி. அது இன்று எத்தனை பெயின்ட் பாஸ்மாரின் தொண்டையையும் நெஞ்சையும் கெடுத்திருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். எங்கள் காரின் இலக்கம் "ஈ.என்." என்று தொடங்குகிறது. "சிலோன்" என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து சோடி சோடியாக எடுத்து அன்று இலக்கத் தகடு கொடுத்தார்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று வரும். 1957 முதல் அந்த இடத்துக்குச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து வந்தது. தமிழர் பகுதிகளில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. வடக்குக் கிழக்கில் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் "ஸ்ரீ" எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 மே மாதக் கலவரத்துக்கு முன்னரான மாதங்கள் அவை. வாகனத்தில் பூசும் ஒரு பூச்சு எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

சாம்பலுக்கு மேலே இரண்டாவது வளையம் கடல் நீலம். தடிப்பாக, சீரில்லாமல் இருந்தது. உற்றுப் பார்த்தால் தூரிகையின் மயிர்க்கோடுகள் தெரிந்தன. இது விசிறியது அல்ல, கையால் பூசியது. வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்தோம். "அது தோணிக்கு வாங்கின எனாமல். மிச்சத்தக் காருக்கும் பூசின" என்றார் எங்கள் பெரிய மாமா.

ஏன் தோணிப் பெயின்ட்? விடை வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு குறைந்தது. அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. முதலில் அடிபட்ட பொருட்களில் கார் ஒன்று. 1970 முதல் 1977 வரையான காலத்தில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. புதுக் கார் வராது. உதிரிப்பாகம் வராது. நல்ல பெயின்டும் அருமை. இருக்கும் காரை இருக்கும் பொருளால் காப்பாற்றவேண்டும். அதுதான் நிலைமை.

இந்தக் காலம்தான் நம் ஊரில் வீடுகளைக் கராஜ் ஆக்கியது. ஊரில் இருந்த ஹயரிங் கார்கள் எல்லாம் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும்தான். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போவதும் அதில், கலியாணத்துக்கு மாப்பிள்ளை போவதும் அதில், மையித்து வீட்டுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வருவதும் அதில். அப்படி ஒரு கார் நின்றுவிட்டால் சொந்தக்காரர் மட்டுமல்ல, தெருவே தவித்தது. அதனால் தெருவே கூடித் திருத்தியது. லேத் பட்டறையில் கடைந்தெடுத்த புஷ், டயர் துண்டில் வெட்டிய றப்பர், தகர டின்னை விரித்துப் போட்ட தள ஒட்டு. எங்கள் காரின் தரையைக் கழற்றியபோது அப்படியான ஒட்டுகளை நாங்களே கண்டோம். மண்ணெண்ணெய் டின்னில் இருந்த எழுத்து அதன் உட்பக்கத்தில் இன்னும் மங்கலாக இருக்கிறது.

மூன்றாவது வளையம் இளம் பச்சை. இது மென்மையாக, மெல்லியதாக இருந்தது. தின்னரில் நனைத்த துணியை வைத்தபோது நிறம் கரைந்து துணியில் வந்தது. இதை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். தின்னருக்குக் கரைந்து நிறம் விட்டால் என்.சீ. பெயின்ட். சுருண்டு எழும்பினால் பெரும்பாலும் எனாமல். அசையாமல் இருந்தால் இரண்டு பொருள் கலந்து பூசும் இக்காலத்து டூ-கே பெயின்ட். எதற்கு மேல் எதைப் பூசலாம் என்பதும் இதில்தான் இருக்கிறது. எனாமலுக்கு மேல் நேரடியாக என்.சீ. அடித்தால் அதிலுள்ள தின்னர் கீழ்ப்படையைக் கிளப்பிவிடும். அதனால்தான் அன்றைய பாஸ் நீலத்துக்கு மேலே ஒரு பிறைமர் படையைப் போட்டு, அதன் பிறகே பச்சையை விசிறியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிக்காத மனிதர் அவர் என்று பெரிய மாமா சொன்னார்.

இந்தப் பச்சை 1977 க்குப் பிறகானது. அந்த ஆண்டு ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிலிருந்து மீளச் செப்பனிட்ட வாகனங்கள் வரத் தொடங்கின. பெயின்டும் தின்னரும் கொம்ப்ரசரும் கடைக்கு வந்தன. பழைய காரை எறிந்துவிட்டுப் புதியது வாங்க எல்லோருக்கும் வசதி வரவில்லை. ஆனால் ஜப்பான் பாகங்கள் பழைய காருக்குள் புகுந்தன. மொரிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு நிசான் எஞ்சினும் கியர்பொக்ஸும் வைப்பது நாடு முழுக்க நடந்தது. வெளியில் ஆங்கிலேயன், உள்ளே ஜப்பான்காரன் என்று பகிடியாகச் சொல்வார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் தேய்க்கும்போது கண்டுபிடித்தோம். முன் கதவுக்குப் பின்னால் இருக்கும் நடுத்தூணில், புட்டிக்கு அடியில் நீள்சதுரமான ஒரு தகரத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்கு என்னவென்று விளங்கவில்லை. 1961 வரை செய்த மைனர்களில் திரும்புவதற்குச் சைகை காட்ட மின்னும் விளக்கு இல்லை. அந்தத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளும், அதற்குள் மஞ்சள் விளக்கு எரியும். வீதியில் லொறியும் பஸ்ஸும் கூடியபோது அந்தக் கை யாருடைய கண்ணுக்கும் படவில்லை. அதனால் கையை எடுத்து ஓட்டையை அடைத்து, மட்கார்டில் மின்னும் விளக்குப் போட்டார்கள்.

வயரிங்கும் அப்படித்தான். மைனரில் பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். ஜப்பான் வாகனங்களில் மைனஸ் முனை. இது தெரியாமல் ஜப்பான் கெசட் ரேடியோவைப் பூட்டினால் அது கெட்டுப்போகும். ஆகவே முழு வயரிங்கையும் புரட்டிப் போடவேண்டும். இந்த வேலையை நம் ஊரில் எத்தனையோ பேர் புத்தகம் இல்லாமல் செய்தார்கள்.

நான்காவது, ஐந்தாவது வளையங்களில்தான் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். வெள்ளைக்கு மேல் வெள்ளை. நிறம் மாறவே இல்லை. முதலில் காரணம் விளங்கவில்லை. பிறகு பதிவுப் புத்தகத்தைப் பார்த்தோம். 1980களின் நடுவில் "வெள்ளை" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் பிறகு யுத்தம். சோதனைச் சாவடியில் புத்தகத்தில் ஒரு நிறம், காரில் இன்னொரு நிறம் என்றால் இறங்கி நின்று பதில் சொல்லவேண்டும். யாருக்கு அதற்குத் துணிவு? பெயின்ட் மங்கினால் அதே வெள்ளையை மேலே அடித்தார்கள். நிறம் மாற்றாமல் இருந்ததும் ஒரு வரலாற்றுச் சான்றுதான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். 1990 முதல் பொருளாதாரத் தடை காரணமாக அங்கே பெற்றோல் கிடைக்கவில்லை. பழைய மொரிஸும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் சுமார் 7 க்கு 1 என்ற அளவில் குறைவாக இருந்ததால் அவை அதைத் தாங்கின. அழுத்தம் கூடிய புதிய எஞ்சின்களுக்கு அது சரிவராது. வீட்டு வாசலில் வைத்துச் செய்த இந்த மாற்றம் ஒரு சமூகத்தை ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதே 1990 இன் ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையில் அகப்பட்டதோடு வந்தார்கள். லொறித் தொழிலும் இரும்புக்கடை வியாபாரமும் செய்த பல குடும்பங்கள் அவர்களில் இருந்தன. அவர்களுடைய வாகனங்களின் பெயின்ட் படைகளை இன்று யாராலும் தேய்த்துப் பார்க்கமுடியாது. ஒரு பழைய கார் ஒரே குடும்பத்தின் முற்றத்தில் அறுபது எழுபது வருடம் நிற்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அவர்களை நினைக்கும்போதுதான் உணர்கிறோம்.

யுத்த காலத்திலும் கைவேலை நிற்கவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வெயார் என்பவர், 1990களில் இலங்கையில் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்விக்க ஏற்பாடு செய்தார். அங்கே உற்பத்தியை 1970களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் இங்கே இறக்குமதித் தடைக் காலங்களில் தகரம் தட்டிப் பழகிய கைகள் இருந்தன. இங்கிலாந்திலிருந்து வந்த காருக்கு இலங்கையில் பாகம் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். இந்தச் செய்தியை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஐந்தாவது வெள்ளைக்கு அடியில், கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் செந்நிற ரெட் ஒக்சைட் பூச்சும் கனமான புட்டியும் இருந்தன. அது எந்த ஆண்டு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26. நம் கரையோரத்துக்கு அந்தத் திகதியை விளக்கவேண்டியதில்லை. கடல் நீர் புகுந்த காரை உடனே நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், இல்லாவிட்டால் உப்பு தகரத்தைத் தின்றுவிடும். ஆனால் அன்று கிணறுகளும் உப்பாகிப் போயிருந்தன. குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்களில் காரைக் கழுவ யார் நினைப்பார்? மனிதர்களைத் தேடி முடிந்து, அடக்கி முடிந்து, கூடாரங்களில் குடும்பங்கள் இருந்து எழும்பிய பிறகே காரின் பக்கம் பார்வை போனது. அதற்குள் கதவுகளின் அடி உக்கிவிட்டது. அந்த ரெட் ஒக்சைட் படை அதன் அடையாளம்.

ஆறாவது, ஆக மேலே இருந்த வளையம் மினுங்கும் வெள்ளி நிறம். டூ-கே பெயின்ட். யுத்தம் முடிந்த பிறகு ஊரில் எல்லோரும் புதுக் காரின் பளபளப்பைப் பழைய காருக்கும் கேட்ட காலம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நாட்களைக் கழித்தோம். ஓடாமல் நின்ற கார்களை வீட்டு முற்றங்களில் இளைஞர்கள் கழற்றிப் பூட்டினார்கள். 1960களில் மூத்தப்பாமார் செய்ததை, அப்படி ஒரு காலம் இருந்தது என்றே தெரியாமல் பேரப்பிள்ளைகள் செய்தார்கள். 2025 பெப்ரவரியில் கதவு மறுபடி திறந்தது.

கதவு மூடும்போது கைவேலை வளர்கிறது, திறக்கும்போது அது மறக்கப்படுகிறது. 1977 க்குப் பிறகு ஒரு முறை அப்படி நடந்தது. இப்போது இரண்டாவது முறை நடக்கப்போகிறது. இம்முறை இழக்கப்போவது அதிகம். ஏனென்றால் முதல் மூடுகாலத்தில் வேலை பழகிய பாஸ்மாரில் மிகச் சிலரே மிச்சம் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் முற்றத்துக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டே எங்களுக்கு வழிகாட்டினார். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. நாற்பது வருடம் முகத்தில் ஒரு சாரன் துண்டைக் கட்டிக்கொண்டு பெயின்ட் விசிறியவர். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் பெண்பிள்ளை ஒருத்தி கொப்பியில் எழுதினாள். அதில் சிலவற்றை உங்களுக்கும் தருகிறோம்.

மாரி காலத்தில் என்.சீ. அடிக்காதே. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்புக் குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், பெயின்ட் வெளிறிப் பால் போல் ஆகிவிடும். வெயில் காலத்திலும் கச்சான் காற்று எழும்ப முன்னர், சுபஹுக்குப் பின் முதல் இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடி. முற்றத்து மணலுக்குத் தண்ணீர் தெளி, தூசி எழும்பாது. சுற்றிவரப் பழைய சாரிகளை நனைத்துக் கட்டு, பறக்கும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் நின்று விசிறாதே, கையை ஓட்டத்தில் வை, இல்லாவிட்டால் பெயின்ட் வழியும். ஒரு தடிப்பான பூச்சைவிட நான்கு மெல்லிய பூச்சு மேல்.

சாரிகளை எங்கள் உம்மா தந்தார். ராத்தா நிறம் கலக்கும் இடத்தில் நின்றார். தையல் வேலை செய்து பழகிய கண், ஒரு துளி கறுப்புக் கூடினாலும் சொல்லிவிடும். ஆண்கள் மூன்று பேர் "இதுதான் சரி" என்ற கலவையை அவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். சரியாகத்தான் சொன்னார் என்பது காய்ந்த பிறகு தெரிந்தது.

எந்த நிறம் அடிப்பது என்று மூன்று இரவு வாக்குவாதம் நடந்தது. மருமக்கள் கறுப்பு என்றார்கள். பெரிய மாமா, "வாப்பா வாங்கும்போது என்ன நிறமோ அதுதான்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அடிப்படையிலிருந்த சாம்பலே முடிவானது. பிள்ளைகளுடைய கோரிக்கை ஒன்றையும் ஏற்றோம். டிக்கி மூடியின் உட்பக்கத்தில் ஒரு சாண் அளவுக்கு எல்லா வளையங்களும் தெரியத் தேய்த்து, மேலே நிறமற்ற லெக்கர் மட்டும் பூசி விட்டுவைத்திருக்கிறோம். ஒவ்வொரு வளையத்துக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதியிருக்கிறது. பார்க்க விரும்புபவர்கள் எப்போதும் வரலாம்.

இனி, வீட்டில் இந்த வேலை செய்யப்போகும் தம்பிமாருக்கு மூன்று விடயம். இதை ஆசிரியர்களாகச் சொல்கிறோம், தயவுசெய்து கேளுங்கள்.

முதலாவது, உங்கள் நெஞ்சு. டூ-கே பெயின்டின் ஹாட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதை விசிறும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு சிறு அளவுகூட மூச்சைத் திணறவைக்கும். துணியும், கொவிட் காலத்து முகக்கவசமும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயால் கொண்டுவந்து தரும் கவசம் வேண்டும். அது இல்லாவிட்டால் டூ-கே விசிறும் வேலையை அந்த வசதியுள்ள இடத்துக்குக் கொடுங்கள். நாங்களும் இந்தக் காரணத்தால்தான் வீட்டில் என்.சீ. அடித்தோம். அதற்கும் தின்னர் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பூட்டிய கவசம் போட்டோம், விசிறும் நேரத்தில் பிள்ளைகளை அப்பால் அனுப்பினோம், சுற்றுவட்டத்தில் நெருப்புப் பற்றவைக்க விடவில்லை.

இரண்டாவது, பிள்ளைகள். பழைய காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். அடிப்படைகளைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசி பறக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எப்போதும் தண்ணீர் விட்டே தேய்க்கவேண்டும். வழியும் சேற்றைக் கிணற்றடியில் ஊற்றக்கூடாது. அடிப்படைகளைத் தேய்க்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு எழுதும் வேலையும், படம் எடுக்கும் வேலையும், தேத்தண்ணீர் கொண்டுவரும் வேலையும் போதும்.

மூன்றாவது, புத்தகம். காரின் நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவில் மாற்றிக்கொள்ளவேண்டும். இது சட்டம். அதோடு வரலாறும்கூட. அன்று மூத்தப்பா "வெள்ளை" என்று பதியச் செய்திருக்காவிட்டால் அந்த இரண்டு வெள்ளைப் படைகளின் கதையை நாங்கள் அறிந்திருக்கவே மாட்டோம்.

பழைய காரை விற்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு வீட்டில் குமரைக் கரைசேர்க்கவேண்டும், இன்னொரு வீட்டில் பிள்ளை பல்கலைக்கழகம் போகவேண்டும். அந்தத் தேவைக்கு முன்னால் கார் பெரிதல்ல. ஆனால் விற்க முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பதிவுப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். காரோடு நின்று எடுத்த கலியாணப் படங்களைத் தேடுங்கள். வீட்டில் மூத்தவரைக் காருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, யார் திருத்தினார், யார் பெயின்ட் அடித்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

குறிப்பாக அந்த பாஸ்மாரின் பெயர்களை எழுதுங்கள். நம் ஊரின் பள்ளிவாசலைக் கட்டியவர்கள், பாடசாலைக்குக் காணி கொடுத்தவர்கள் எல்லோருடைய பெயரும் கல்லில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் போன காரை நடு இரவில் ஓடவைத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

எழுதியதின் பிரதி ஒன்றைப் பாடசாலை நூலகத்தில் கொண்டுவந்து தாருங்கள். இதற்கென்று ஒரு கோவை திறந்திருக்கிறோம். முதல் பக்கத்தில் எங்கள் முற்றத்துக் கதிரையில் இருந்த பாஸின் பெயரை எழுதியிருக்கிறோம். மற்றப் பக்கங்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.